கொல்லிமலையில் சில நாள் தங்கிவிட்டு வந்ததிலிருந்து வீட்டுச் சாமான்களைக் குறைத்து வருகிறோம். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

பூங்கொடி_சேலம் எழுதியது:

வணக்கம் தோழமைகளே. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொல்லிமலையில் போய்த் தங்கிவிட்டு வந்தோம். அங்கே இருந்தபோது எல்லோருக்கும் ஒரு நிதானம் வந்தது. வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே அது போய்விட்டது. அதை வீட்டிலேயே கொண்டுவர என்ன செய்யலாம் என்று உங்களோடு பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் நிலவரம் இதுதான். சேலத்தில் இரண்டு படுக்கையறை வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அத்தை எங்களோடு இருக்கிறார். மகள் எட்டாவது, மகன் மூன்றாவது.

பிள்ளைகள் ஊட்டி இல்லை கொடைக்கானல் என்றுதான் கேட்டார்கள். 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. சீசனில் மலை ஏற ஒரு வரிசை, படகுக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை என்று நின்றுவிட்டு வர எனக்கு மனசே இல்லை. கொல்லிமலை எங்களுக்குப் பக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அத்தை கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே ஏறிவிட்டார்.

சோளக்காட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்து வீடு வாடகைக்குக் கிடைத்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி, வேலியோரம் பலா. வீட்டில் டிவி கிடையாது. திண்ணையின் ஒரு மூலையில் நின்றால்தான் போனில் சிக்னல் வரும்.

சமையலறையில் இருந்ததைச் சொல்கிறேன், அதுதான் நான் பேச வந்த விஷயம். இரண்டு பர்னர் அடுப்பு. ஒரு குண்டான், ஒரு வடச்சட்டி, ஒரு தோசைக்கல், பால் காய்ச்ச ஒரு கிண்ணி. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டு கரண்டி, ஒரு கத்தி. வாசலில் ஒரு அம்மி. அவ்வளவுதான்.

சாப்பிட்டவர் தன் தட்டைக் கழுவி வைத்தால்தான் அடுத்த வேளைக்குத் தட்டு. குண்டானைத் தேய்த்தால்தான் ராத்திரிக்கு ரசம். யாரும் யாரையும் ஏவவில்லை. என் மகன் தோசை வாசம் வந்ததும் ஓடிப்போய்க் குழாயடியில் தன் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான்! எச்சில் பாத்திரம் என்று ஒன்று சேரவே இல்லை. சேலத்தில் என் சின்க் எந்த நேரமும் நிறைந்து கிடக்கும். பாத்திரம் நிறைய இருப்பதுதான் அதற்குக் காரணம். ஒன்று அழுக்கானால் அலமாரியில் இன்னொன்று இருக்கிறது, அழுக்கானது ராத்திரி வரைக்கும் யாருக்காவது காத்துக்கொண்டு கிடக்கும்.

துணியும் அப்படித்தான். ஆளுக்கு நாலு உடுப்புதான் கொண்டுபோனோம். துவைக்கிற கல்லில் அன்றன்று அலசிக் கொடியில் போட்டால் வேலை முடிந்தது. காலையில் 'எதைப் போடுவது' என்ற பேச்சே எழவில்லை.

ஊர் சுற்றினது குறைவு. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்தோம். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்துப் போன கதையை அத்தை சொல்ல, இரண்டு பேரும் அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய் ஆற்றில் மீனுக்குப் பொரி போட்டோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி, அத்தையால் முடியாது என்று விட்டுவிட்டு மாசிலா அருவியில் குளித்தோம். மற்ற நேரமெல்லாம் திண்ணைதான்.

வந்ததும் நாங்கள் செய்தது: சமையலறையில் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம் மட்டும் வெளியே. மற்றதெல்லாம் பரணில். இதுவரை நன்றாகத்தான் போகிறது. ஆனால் மூன்று இடத்தில் முட்டி நிற்கிறோம்.

ஒன்று, பரணே நிறைந்துவிட்டது. அதில் பாதி அத்தையின் பாத்திரங்கள், எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கிறது. எதையும் கொடுக்க அவருக்கு மனசில்லை. அவரை வருத்தப்படுத்த எனக்கும் இஷ்டமில்லை. இரண்டு, பிள்ளைகளின் போன். மூன்று, விருந்தாள் வந்தால் என்ன செய்வது.

உங்கள் வீட்டில் எப்படி?

---

அலமேலு_ஆபீஸ் எழுதியது:

பூங்கொடி, படிக்கவே சுகமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே சமைத்தது யார்?

நான் பல குடும்பங்களில் பார்க்கிறேன். வீட்டில் சமைக்கிறவளே சுற்றுலாவிலும் சமைத்தால் அவளுக்கு அது இடமாற்றம், அவ்வளவுதான். ஓட்டலில் தங்கினால் ஓய்வு கிடைக்கும், ஏனென்றால் வேறு யாரோ செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து 'எளிமையாக வாழலாம்' என்று முடிவெடுத்தால் அந்த எளிமையைப் பராமரிக்கிற வேலையும் அம்மா தலையில்தான் விழும். பரண் ஏறுவது அவள், பிரிப்பது அவள், மறுபடி கலைந்தால் அடுக்குவதும் அவள்.

எங்கள் வீட்டில் சாமானைவிடப் பெரிய சுமை காலைச் சமையல். மாமாவுக்கு இட்லி, பையனுக்குச் சப்பாத்தி, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்பதால் கம்பங்கூழ், டப்பாவுக்குத் தனியாகக் கலந்த சாதம். ஏழரைக்குள் நான்கு வகை. தட்டைக் குறைத்தால் இது குறையுமா?

---

பூங்கொடி_சேலம் எழுதியது:

> அங்கே சமைத்தது யார்?

நியாயமான கேள்வி அலமேலு அக்கா. மதியச் சாப்பாட்டைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா காசுக்குச் செய்து கொடுத்தார். சாமைச் சோறு, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், இப்படி. காலையும் ராத்திரியும் நாங்கள். 'நாங்கள்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என் கணவர் அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்தார். வீட்டில் அவருக்கு எந்தச் சம்படத்தில் கடுகு, எதில் வெந்தயம் என்று தெரியாது, கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவார். அங்கே அஞ்சே பொருள் ஜன்னல் திட்டில் இருந்தது. யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்து எடுத்துச் செய்யலாம். சமையலறை எனக்கு மட்டுமே தெரிந்த இடமாக இருக்கிற வரைக்கும் அதில் வேறு யாரும் நுழைய மாட்டார்கள் என்பது எனக்குப் பட்டது.

இங்கே வந்ததும் அஞ்சறைப் பெட்டியை மேடையில் வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து டப்பாவை ஒழித்துவிட்டேன். இப்போது ராத்திரிச் சமையல் அவருடையது. ஒரே ஒரு வகைதான்: உப்புமாவோ, தோசையோ, கஞ்சியோ.

காலைக்கு நான்கு வகை என்பது நிஜமாகவே கஷ்டம் அக்கா. கம்பையே எல்லோருக்கும் தோசையாக வார்த்தால் ஒத்துக்கொள்வார்களா? வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கேட்டுப் பாருங்களேன்.

---

நாமக்கல்காரன் எழுதியது:

எங்கள் மலையைப் பற்றிய பேச்சு என்பதால் வருகிறேன். நல்லபடியாகப் போய் வந்ததில் சந்தோஷம்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மலையில் வாழ்கிறவர்கள் கொஞ்ச சாமானோடு இருப்பதைப் பார்த்து 'எவ்வளவு நிம்மதி' என்று சொல்லிவிடுகிறோம். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் வருகிற பலபேர் சொல்கிறார்கள். ராத்திரியில் பிரசவ வலி வந்தால் அந்த வளைவுகள் எல்லாவற்றையும் இறங்கி வர வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இல்லாமையும் நாமாகக் குறைத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

சாமைச் சோறு சாப்பிட்டீர்கள் இல்லையா, அதற்கும் ஒரு கதை உண்டு. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று அந்த மலையில் காலங்காலமாக விளைந்தது. அப்புறம் மரவள்ளிக் கிழங்கு வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, கிழங்குக்கு உடனே காசு. சாமையோ உமி நீக்கவே பெண்கள் மணிக்கணக்கில் குத்திப் புடைக்க வேண்டும். அந்த உழைப்புக்கு விலையும் கிடைக்கவில்லை. விதைப்பு சுருங்கிக்கொண்டே போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து அங்கே வேலை செய்து, பழைய விதைகளைச் சேர்த்து, கிராமங்களில் அரவை எந்திரம் வைத்து, குழுக்கள் மூலம் விற்கவும் வழி செய்தார்கள். எந்திரம் வந்ததால்தான் பல வீடுகளில் சாமை திரும்பவும் உலையில் ஏறியது. 'எளிய உணவு' என்று நாம் சொல்வதன் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அலமேலு அம்மா கேட்ட கேள்வியும் அதுதான்.

ஆகவே போகிறவர்கள் செய்யக்கூடியது: மிளகு, சாமை, பலா, வாழை இதையெல்லாம் விளைவிப்பவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். மஞ்சப்பை கொண்டுபோங்கள். அருவிப் பக்கம் ஷாம்பு பாக்கெட்டைப் போட்டுவிட்டு வராதீர்கள். அந்த அய்யாற்றுத் தண்ணீர்தான் மறுபக்கம் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது, அங்கேயும் ஜனம் குளிக்கிறது.

---

பூங்கொடி_சேலம் எழுதியது:

சார், உமி குத்துகிற பாடு பற்றி அந்த அக்காவும் சொன்னார். அவருடைய அம்மா காலத்தில் விடிகாலையில் உலக்கைச் சத்தம் கேட்டுத்தான் எழுவார்களாம். இழைக்குத் தேவையான பேச்சு, நன்றி.

---

ஓய்வு_தமிழாசிரியர் எழுதியது:

பேர் வெட்டிய பாத்திரம் பற்றிச் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் இதே வழக்குதான் நடந்தது.

அம்மா, உங்கள் அத்தையின் அந்தப் பாத்திரங்களை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். பேர் மட்டும் இருக்காது. யாருடைய காதுகுத்து, எந்தப் புதுமனை புகுவிழா, யார் வைத்த மொய் என்று தேதியோடு இருக்கும். சில வீட்டுப் பெண்களுக்குத் தங்கள் பேர் எழுத்தில் நிலைத்த இடமே அதுதான். வீட்டுப் பத்திரத்தில் அவர்கள் பேர் இருந்திருக்காது, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராகவும் இருந்திருக்காது. தாய்வீட்டிலிருந்து சீராக வந்த அன்னக்கூடையின் விளிம்பில் இருந்தது. அதைப் போய்ப் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போடு என்றால் எப்படி மனசு வரும்?

நாங்கள் செய்தது இது. பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினோம். என் மனைவியும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்தார்கள். அம்மா ஒவ்வொருவர் கதையையும் சொன்னார். பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். அதன்பிறகு அம்மாவே பிரித்தார். தன் தாய் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, எங்கள் கல்யாணத்தில் வந்ததில் சில என்று ஒரு பத்து உருப்படி. அவை பரணுக்குப் போகவில்லை, அடுப்பங்கரைக்கு வந்தன. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்த அன்னக்கூடையில்தான் சோறு. அதற்கு இடம் பண்ண நாங்கள் வெளியேற்றியது பிளாஸ்டிக் டப்பாக்களையும், 'இலவசம்' என்று எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்த கண்ணாடிக் கிண்ணங்களையும், கைப்பிடி ஆடுகிற நான்ஸ்டிக் சட்டிகளையும்.

மீதிப் பாத்திரங்களை அம்மா தன் கையாலேயே உறவில் தனிக்குடித்தனம் போகிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். பித்தளை அண்டா மட்டும் ஊர்க்கோயிலுக்குப் போனது. கொடுக்கிற இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அதைப் பறித்துக்கொண்டால்தான் சண்டை வரும்.

---

முடிச்சூர்_மாலா எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், புத்தகம், பட்டுப்புடவை எல்லாம் சேறு. மாடி வீட்டுக்காரர் ஒரு அறை கொடுத்தார். கொஞ்ச காலம் ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொடையாக வந்த துணிகளோடு குடும்பமே இருந்தது. பூங்கொடி சொல்கிற அதே ஆளுக்கு ஒரு தட்டுதான். எங்களுக்கு அது நிதானமாக இல்லை. இப்போதும் நல்ல மழை என்றால் என் அம்மா எழுந்து உட்கார்ந்து கொள்வார்.

அதனால் என் வீட்டில் யாராவது 'இதெல்லாம் எதுக்கு, தூக்கிப் போடு' என்றால் அம்மாவுக்குத் தாங்காது. ஒரு பழைய போர்வை இருந்தால்கூடச் சேர்த்து வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சேற்றில் நாங்கள் எதைத் தேடினோம் என்று யோசித்துப் பார்த்தால் கொஞ்சம்தான். பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், அப்பாவின் போட்டோ, அம்மாவின் மாத்திரைச் சீட்டு. இப்போது அவை மட்டும் ஒரே பையில், பூட்டும் பிளாஸ்டிக் உறைக்குள், அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். எளிமைப்படுத்த நினைக்கிறவர்கள் எதைக் கழிப்பது என்று தொடங்குவதற்கு முன்னால் எதை எந்த நிலையிலும் விடமாட்டோம் என்பதைப் பிரித்து வையுங்கள். அதைச் செய்த பிறகு அம்மாவே சில பழைய துணிகளை விட்டுக்கொடுத்தார். பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததால்தான்.

---

அலமேலு_ஆபீஸ் எழுதியது:

மாலா, இதை எழுதியதற்கு நன்றிம்மா. இன்றைக்கே எங்கள் வீட்டிலும் அந்தப் பையைப் போடுகிறேன். பிள்ளைகளின் டிசி, ஆதார், இன்ஷூரன்ஸ் எல்லாம் இப்போது நாலு இடத்தில் கிடக்கிறது.

---

கோவை_கதிர் எழுதியது:

யாரும் வாங்குவதைப் பற்றிப் பேசவில்லையே. நீங்கள் பரணைக் காலி செய்துகொண்டே இருப்பீர்கள், வாசலில் டெலிவரிக்காரர் மணி அடித்துக்கொண்டே இருப்பார். நாங்கள் வால்பாறையில் போய்த் தங்கியபோது கவனித்தது இதுதான்: போன் சரியாக எடுக்காததால் அங்கே இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் எதுவும் ஆர்டர் போடவில்லை. யாருக்கும் எதுவும் குறையவும் இல்லை.

இப்போது எங்கள் பழக்கம்: தேவை என்று தோன்றினால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். சம்பளம் வந்த முதல் ஞாயிறு அன்று எல்லோரும் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்ப்போம். எழுதியவரே பலதை அடித்துவிடுவார். என் பெண் 'லைட் எரியும் தண்ணி பாட்டில்' என்று எழுதியிருந்தாள், அவளே பேனாவை வாங்கி அடித்தாள். மளிகை, மருந்து, பள்ளிச் செலவு இதில் சேராது. ஷாப்பிங் ஆப்களை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன், வேண்டுமானால் கம்ப்யூட்டரைத் திறந்துதான் வாங்க வேண்டும். அந்தச் சின்னச் சிரமம் போதும், பாதி ஆசை அடங்கிவிடுகிறது.

அப்புறம், பொருள் அடுக்கிவைக்க என்றே விற்கிறார்களே கூடை, டப்பா, தட்டு அலமாரி, அதை வாங்காதீர்கள். முதலில் குறையுங்கள், பிறகு பார்த்தால் அடுக்க ஒன்றும் இருக்காது.

---

செல்வி_அம்மா எழுதியது:

போன் பற்றி பூங்கொடி கேட்டதற்கு: எங்கள் மகனுக்குப் பத்தாவது. பள்ளியிலிருந்து வீட்டுப்பாடம் முழுக்க வாட்ஸாப்பில்தான் வருகிறது. அதனால் மலைமேல் செய்தமாதிரி முழுசாக நிறுத்துவது நடக்காது. நாங்கள் நேரத்தைப் பார்க்கவில்லை, இடத்தைத்தான் பார்த்தோம். சார்ஜர் எல்லாம் கூடத்தில் டிவி மேஜைமேல் மட்டும். படுக்கையறையில் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் போனும் அங்கேதான் தூங்கும். பெரியவர்களுக்கும் அதே சட்டம் என்பதால்தான் அவன் ஒப்புக்கொண்டான். எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கினோம், அது ஒன்றுதான் புதுசு.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தாயம். என் மாமனார் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவார். முதல் வாரம் மகன் கடனே என்று உட்கார்ந்தான். இப்போது தாத்தாவோடு வெட்டுக்காய்க்குச் சண்டை போடுகிறான்.

---

புது_குடித்தனம் எழுதியது:

குறுக்கே ஒரு சந்தேகம். சாமையை எப்படி வடிப்பது? நான் குக்கரில் வைத்தால் களியாகிவிடுகிறது.

---

நாமக்கல்காரன் எழுதியது:

என் வீட்டம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். முதலில் கல் அரித்துக் களைய வேண்டும், இதைத் தவிர்க்க முடியாது. கால் மணி நேரம் ஊறட்டும். குக்கர் வேண்டாம், குண்டானே நல்லது. ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் சாமையைப் போட்டு ஒரு தடவை கிளறி, தீயைக் குறைத்து மூடி வையுங்கள். தண்ணீர் இழுத்ததும் இறக்கி, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். அரிசியைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். அடிக்கடி கிளறினால்தான் களியாகும். முதல்முறை மோர்க்குழம்போடு சாப்பிட்டுப் பாருங்கள்.

---

பூங்கொடி_சேலம் எழுதியது:

ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

ஆசிரியர் ஐயா சொன்னபடியே செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்பினோம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்குவாளியை எடுத்தார். அதில் அவருடைய அண்ணன் பேர் இருந்தது. அண்ணன் மில் வேலைக்குப் போய் வாங்கிய முதல் சம்பளத்தில் தங்கைக்கு என்று வாங்கியதாம். என் கணவருக்கே அது தெரியாது. அந்த அண்ணன் இறந்து பல வருஷம் ஆகிறது. அந்தத் தூக்குவாளியில்தான் இப்போது என் மகள் தினமும் பால் வாங்கி வருகிறாள். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருக்கிறார்கள், பாக்கெட் பாலை நிறுத்திவிட்டோம். மாற்றங்கள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது.

பரணில் பாதி காலி. பழைய நோட்டு, செய்தித்தாள் எல்லாம் எடைக்குப் போனது. ஓடாத மிக்ஸி, பழைய சார்ஜர், செத்த போன்களைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தோம். துணிகளைத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்துத்தான் கொடுத்தேன். கிழிந்ததைக் கொடுப்பதில்லை என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார், அவை வீட்டிலேயே கரித்துணியாகிவிட்டன. போகிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பிளாஸ்டிக்கும் ரெக்ஸினும் கொளுத்துகிற வாடையை எங்கள் தெருவில் வருஷாவருஷம் அனுபவிக்கிறோம், நாங்களும் அதில் சேர வேண்டாம்.

விருந்தாள் பிரச்சினைக்கு அத்தையே வழி சொன்னார்: வாழை இலை. போன வாரம் நாத்தனார் குடும்பத்தோடு வந்தார், பத்துப் பேருக்கும் இலைதான். தட்டு கழுவுகிற வேலையே இல்லை. இலையைப் பக்கத்துத் தெரு மாடு தின்றது.

சரியாக வராததும் உண்டு. மகளின் துணி அலமாரியை நான் தொடக்கூடாது என்கிறாள். வளருகிற பிள்ளை, அவளுக்கென்று ஒரு இடம் வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். செல்வி அம்மா சொன்ன சார்ஜர் யோசனை மற்ற எல்லோரிடமும் நடக்கிறது. கணவருக்கு மட்டும் வேலை அழைப்பு எந்த நேரமும் வரும் என்பதால் அதில் விலக்கு, பிள்ளைகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கதிர் சார் சொன்ன தாள் எங்கள் ஃபிரிட்ஜிலும் ஒட்டியாகிவிட்டது.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் பால்கனியில் பாய் போட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் உட்காருகிறோம். அங்கே முன்பு பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டிகளும் கிடந்தன. திண்ணை வேண்டும் என்று மலையிலிருந்து வந்ததிலிருந்து மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். எங்களால் முடிந்தது இதுதான்.

---

அலமேலு_ஆபீஸ் எழுதியது:

என் கணக்கும்: செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் கம்பு தோசை, எல்லோருக்கும். பையன் முதல் நாள் முகம் சுளித்தான். கடலைச் சட்னி வைத்த பிறகு பேச்சில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு உட்கார்ந்து காப்பி குடிக்க நேரம் கிடைக்கிறது. மற்ற நாட்களையும் மெல்லப் பிடிக்க வேண்டும்.

---

திருச்சி_மீனா எழுதியது:

முழு இழையையும் இப்போதுதான் படித்தேன். எங்களிடம் கார் இல்லை. பஸ்ஸில் கொல்லிமலை போக முடியுமா? அறுபத்தைந்து வயது அம்மா வருவார். ஆடி மாதம் போகலாம் என்று நினைக்கிறோம்.

---

நாமக்கல்காரன் எழுதியது:

தாராளமாகப் போகலாம் அம்மா. திருச்சியிலிருந்து நாமக்கல் வந்துவிடுங்கள், அங்கிருந்து செம்மேட்டுக்கு பஸ் உண்டு. அறப்பளீசுவரர் கோயில் வரைக்கும் போகிற பஸ்ஸும் இருக்கிறது. காலையிலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அம்மாவை முன்பக்க சீட்டில் உட்கார வையுங்கள், பின்சீட்டில் வளைவுகளில் வயிறு புரட்டும். இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

ஆடி 17, 18 இரண்டு நாளையும் விட்டுவிடுங்கள். ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்து வரும், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, தங்கவும் கிடைக்காது. அதற்கு ஒரு வாரம் தள்ளிப் போனால் மலை அமைதியாகிவிடும். சாரல் இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் வழுக்காத செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் அதிகமாக இருந்தால் ஆகாய கங்கைக்கு விடமாட்டார்கள், அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.